நான் மேலே நகர்த்திய கல்லூரி

எங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி என்று ஒரு பொறுப்பு உண்டு. யாரும் விரும்பி எடுத்துக்கொண்டதில்லை. ஸ்டாஃப் ரூமில் தலைமையாசிரியர் அந்தப் பேச்சை ஆரம்பித்ததும் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போவார், இன்னொருவருக்குத் திருத்தாத விடைத்தாள் கட்டு நினைவுக்கு வரும். நான் மட்டும் டீ ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பல வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள், கம்ப்யூட்டரும் ஓரளவு வரும், வாய் கொஞ்சம் நீளம். என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பள்ளி, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையை ஒட்டி இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். மீதியில் சிலருக்குக் கொஞ்சம் சொந்த நிலம், சிலருக்குக் குத்தகை, சிலருக்கு அப்பா சிங்கப்பூரிலோ குவைத்திலோ. பொறுப்பேற்ற முதல் வருஷம், என்ன வேலைக்குப் போக ஆசை என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொன்னேன். ஏழு பேர் 'வெளிநாடு' என்று எழுதியிருந்தார்கள். வெளிநாடு என்பது ஒரு வேலை இல்லையடா என்று கத்தினேன். எங்கப்பா அந்த வேலைதான் டீச்சர் பாக்குறாரு என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை ஒளித்து வைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. பக்கத்து ஊரில் ஏதாவது ஒரு கல்லூரி போதும் என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் எனக்கு உச்சந்தலை வரை ஏறும். எனக்குப் பதினேழு வயதில் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வந்த கடிதத்தை அப்பா படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கும்பகோணத்தில் படித்தேன், நன்றாகவே படித்தேன், வேலையும் கிடைத்தது. இருந்தாலும் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவைகூட முழுசாகப் படிக்கவில்லையே என்ற ஆத்திரம் இன்னும் இருக்கிறது. அந்த ஆத்திரத்தை நான் பிள்ளைகளின் முன்னேற்றம் என்று பெயர் வைத்து வளர்த்துவந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

பொறியியல் கலந்தாய்வு இப்போது முழுக்க ஆன்லைனில் நடக்கிறது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வரும். இவர்கள் மதிப்பெண்ணுக்கு எந்த வரியில் இடம் இருக்கிறதோ அந்த வரியில் நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதெல்லாம் அந்த நிமிஷமே இல்லையென்று ஆகிவிடும், அந்த இடங்கள் வேறு பிள்ளைகளுக்குப் போகும். கிடைத்த இடத்தை இரண்டு நாளைக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் அடுத்த சுற்று வரை காத்திருக்கலாம். அதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விட்டிருக்கும். ஆகவே முதல் வரியில் எதை எழுதுகிறோம் என்பதுதான் எல்லாம்.

இதைப் பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளியில் அப்படி நடப்பதில்லை. லேபில் உருப்படியாக ஓடும் கம்ப்யூட்டர் இரண்டுதான். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பிள்ளைகளுக்கு மவுஸைப் பிடித்தே பழக்கமில்லை. அதனால் ஒவ்வொருவரையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நானே தட்டிவிடுவேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் எல்லா டீச்சர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைகளின் பாஸ்வேர்டெல்லாம் எங்கள் கையில் இருக்கும். அதில் தவறு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தது ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். கணக்கை நான் கரும்பலகையில் பாதி போடும்போதே விடையை எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். இங்கே அறுப்பு முடிந்ததும் மெஷினோடு ஆந்திரா, கர்நாடகா என்று போய்விடுவார், மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஒரே பெண். சில வருஷத்துக்கு முன்னால்தான் வேறு ஊரிலிருந்து இங்கே குடிவந்திருந்தார்கள்.

அவள் எடுத்திருந்த மதிப்பெண்ணுக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில், சென்னையில் நல்ல கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு எதுவும் வீட்டார் தலையில் விழாது. நான் அவளைப் பார்த்ததும் சென்னைக் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தஞ்சாவூர் பக்கத்தில் இருக்கும் கல்லூரியை முதலில் போடச் சொன்னாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய கல்லூரி. மோசமில்லை, ஆனால் அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஏன் என்று கேட்டேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காது என்றாள். காலையில் கட்டிய புளிச்சோற்றை மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தின்று செரித்துவிடுகிறவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்காதாம். இன்னும் நிறையப் பேசினேன். உன் தைரியம் இவ்வளவுதானா என்றேன், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்கப்போகிறாயா என்றேன். தஞ்சாவூர்க் கல்லூரியே முதலில் இருக்கட்டும் டீச்சர் என்று மறுபடியும் சொன்னாள். தட்டினேன். இரண்டாவதாகச் சென்னையைப் போட்டேன். நாலு பத்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

லேபில் நான் தனியாக இருந்தேன். திரையில் அவள் பட்டியல் அப்படியே திறந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி. இரண்டாவது வரியின் மேல் அம்பை ஒரு தடவை அழுத்தினேன். சென்னை மேலே போயிற்று, தஞ்சாவூர் கீழே வந்தது. சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை அணைத்தேன். அவளுக்கு இரண்டிலும் இடம் கிடைக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆக, எது மேலே இருக்கிறதோ அதுதான் அவளுக்கு. தெரிந்தேதான் செய்தேன். வீட்டுக்குப் போகும்போது மனசு நிறைந்திருந்தது. நாளைக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

இடம் ஒதுக்கிய அன்று காலை பத்து மணிக்கு அவள் லேபுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அம்மாவின் போனைக் கையில் வைத்திருந்தாள். லேபில் இன்னும் ஆறேழு பிள்ளைகள் இருந்தார்கள். அவளுக்குச் சென்னை வந்துவிட்டது என்று அவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அவள் யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

“நான் தஞ்சாவூரைத்தானே டீச்சர் மொதல்ல போடச் சொன்னேன்?”

நான் சொல்லியிருக்கலாம். ஆமாம், நான்தான் மாற்றினேன், உன் நன்மைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“அப்படியா சொன்ன? பஸ்ஸு பஸ்ஸுன்னு பறந்தா இப்படித்தான். நின்னு ஒரு தடவ சரி பாத்துட்டுப் போக வேண்டாமா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சாரி டீச்சர் என்றாள். நான் அவளிடம் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன், எதற்கும் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆனால் வெட்கத்தோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி. நாளை சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது, வீட்டில் கேட்டுக்கொண்டு வா, வந்ததும் ஏற்றுக்கொண்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவள் வரவில்லை.

பத்து மணி வரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்குப் போன் செய்தேன், அடித்தது, எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு ஸ்விட்ச் ஆஃப். அதற்குள் மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஏற்றுக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஐந்து மணியைக் கடக்க விடப்போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து மறுக்க மாட்டாள், சும்மா இருந்துவிடுவாள். சென்னை போய்விடும். தஞ்சாவூரை நான் ஏற்கெனவே காலிசெய்துவிட்டேன். அடுத்த சுற்றில் அவள் மதிப்பெண்ணுக்குச் சற்றும் பொருந்தாத ஏதாவது ஒன்று கிடைக்கும், அல்லது அதுவும் இல்லை. எங்கள் பள்ளியின் முதல் மதிப்பெண்ணை நான் ஒரு விரலால் கெடுத்திருக்கிறேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். முதலில் வயல்தான் வந்தது. ஆடி மாதம், குறுவையில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அவள் அம்மாவைப் பள்ளியில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அடையாளம் தெரிந்தது. கூப்பிட்டதும் கையிலிருந்த களையைத் தண்ணீரில் அலசி வரப்பில் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்.

பெண்ணுக்குச் சென்னையில் இடம் வந்திருக்கிறது, ஐந்து மணிக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“எப்ப வந்துச்சு டீச்சர்?”

நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டது என்றேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. வயிறு சரியில்லை என்று வயலில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, கால் சேற்றோடு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். வாய்க்கால் மதகில் நின்று காலைக் கழுவிக்கொண்டார். அப்போது மணி இரண்டே முக்கால்.

வீட்டில் அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டார். அவள் கையிலிருந்த துணியையே மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார். நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். எத்தனை பேர் இந்த இடத்துக்குத் தவம் கிடக்கிறார்கள் தெரியுமா, ஹாஸ்டல் சாப்பாட்டுக்காக இதை விடுவாயா என்று குரலை உயர்த்தினேன். தப்பு செய்தவள் குரலை உயர்த்துவது எவ்வளவு சுலபம் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

அவள் அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

“டீச்சர், இது இந்த வீட்ட விட்டு வெளிய போகக்கூடாது. எனக்கு வலிப்பு இருக்கு.”

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். வந்தால் விடியற்காலையில்தான் வரும், எழுந்த அரை மணி நேரத்துக்குள். மாதத்தில் ஒன்று, சில மாதம் இல்லை. முன்பு இருந்த ஊரில் ஒரு நாள் வயலுக்குப் போன இடத்தில் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கி வரப்பில் போட்டு, கையில் அரிவாளைத் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று. நின்று எழுந்தபோது உள்ளங்கை கிழிந்திருந்தது. கையை விரித்துக் காட்டினார், தழும்பு குறுக்கே ஓடியது. மறுநாளிலிருந்து யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தண்ணீரில் விழுந்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார்களாம். அதற்குத்தான் இந்த ஊருக்கு வந்தது. இங்கே யாருக்கும் தெரியாது. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் வாங்கிவரும் மாத்திரையைத் தைராய்டு மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறார். நாளைக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தப் பேச்சு வரக்கூடாது என்பது இன்னொரு கவலை.

அவர் கணவர் வருஷத்தில் பாதி நாள் இல்லை. காலையில் வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் அடுப்பும் தண்ணீரும் இல்லாமல் பார்த்து, தெளிந்து எழும்போது இது நம்ம வீடுதான் என்று சொல்ல அந்த ஒரு பெண்தான் இருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து செய்துவருகிறாள். நான் அவளைப் பார்த்து உன் தைரியம் இவ்வளவுதானா என்று கேட்டிருந்தேன்.

அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

“நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சரியா பாக்கல. தஞ்சாவூரத்தான் மொதல்ல போட்டதா நெனச்சேன்.”

அம்மா அவள் தலையில் கை வைத்து, பரவாயில்லை விடு என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். இப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பெண் ஆயுசு முழுக்கத் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள், என்னிடம் மரியாதையாகவே இருப்பாள். அந்த ஒரு நிமிஷம் அதையும் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் பொய்.

“அவ தப்பு பண்ணலம்மா. அவ சரியாத்தான் சொன்னா. அவ போனதுக்கப்புறம் நான் மாத்திட்டேன்” என்றேன்.

அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். இரண்டாவதாக இருந்த கல்லூரியை நானே மேலே நகர்த்தினேன், தஞ்சாவூர் கிடைத்திருக்க வேண்டியது, இப்போது அது இல்லை, நேற்று எல்லார் முன்னாலும் அவள்மேல் பழியைப் போட்டதும் நான்தான். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்தப் பெண் அழுகையை நிறுத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நேத்து நான் சாரி சொன்னேன். நீங்க வாங்கிக்கிட்டீங்க டீச்சர்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முப்பது வருஷ வேலையில் என்னை அதிகாரிகள் திட்டியிருக்கிறார்கள், பெற்றோர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் தைத்த இடத்தில் வேறு எதுவும் தைத்ததில்லை.

மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. அடுத்த சுற்றில் பக்கத்துக் கல்லூரி ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கலாம், வேண்டுமானால் தனியார் கல்லூரியில் நானே பேசுகிறேன் என்றெல்லாம் உளறினேன். தப்பைச் சரிக்கட்டும் அவசரத்தில் அடுத்த தப்பை ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அவர் கேட்ட கேள்விகள் மூன்று. அந்தக் கல்லூரி உண்மையிலேயே நல்லதா. பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதா. இவளால் அங்கே படித்துத் தேற முடியுமா. மூன்றுக்கும் ஆமாம் என்றேன், மூன்றும் உண்மை.

“அப்ப அவ போகட்டும்” என்றார்.

அவள் முடியாது என்றாள். அம்மாவைப் பார்த்து, நான் போனால் நீ என்னம்மா செய்வாய் என்று கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“தெனம் காலையில அஞ்சரைக்கு இவ எனக்குப் போன் பண்ணட்டும். நான் எடுத்தா ஒண்ணுமில்ல. எடுக்கலன்னா உங்களுக்குப் பண்ணுவா. நீங்க வரணும். இந்த ஊர்ல எங்க ரெண்டு பேரத் தவிர உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாரையும் என்னால கேக்க முடியாது.”

அதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நடவுக்கு ஆள் பிடிப்பது போலத்தான் கேட்டார். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. காலை ஐந்தரை மணி என் வீட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கணவரிடம் காரணம் சொல்ல முடியாது, சொன்னால் ரகசியம் போய்விடும். ஐப்பசி மழையில் அந்த வாய்க்கால் ரோடு எப்படி இருக்கும் என்று தெரியும். எனக்கு வலிப்பைப் பார்த்தாலே பயம். சின்ன வயதில் பஸ்ஸில் ஒருவருக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டவள் நான். இவ்வளவும் மனசுக்குள் ஓடியது. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

வருகிறேன் என்றேன்.

“எத்தன நாளைக்கு டீச்சர்?” என்று அவள் கேட்டாள். அவள் இனி என் வார்த்தையைச் சரி பார்க்காமல் எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

“நாலு வருஷத்துக்கும்” என்றேன்.

என் போனில் கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொல்லைப் பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நின்றபோது திறந்தது. அம்மாவின் போனை உயிர்ப்பித்தோம், உறுதிசெய்யும் ஓடிபி நம்பர் அதற்குத்தான் வர வேண்டும். நாலு இருபது. வரவில்லை. மறுபடி கேட்டோம். நாலு முப்பத்தைந்து. அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கை நீட்டினேன், நானே போட்டுவிடட்டுமா என்று. பழக்கதோஷம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். நாலே முக்காலுக்கு நம்பர் வந்தது. அவளே ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, இரண்டு தடவை படித்துப் பார்த்து, ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். அம்மாவைப் பாயில் படுக்க வைத்து, எப்படித் திருப்ப வேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது என்று செய்து காட்டினாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. என்னையும் செய்து பார்க்கச் சொன்னாள், இரண்டாவது தடவைதான் சரி என்றாள். அவளுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது இவ்வளவு கண்டிப்பாக இருந்தேனா என்று தெரியவில்லை.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் போன் வரவில்லை. தினம் ஐந்தே காலுக்கு விழிப்பு வந்துவிடும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஐந்தே முக்கால் ஆனதும் மூச்சு விடுவேன். இடையில் ஒரு தடவை அவள் அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்க் காட்டினேன், மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஒருவேளை இனி வரவே வராதோ என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். அவளும் என்னிடம் போனில் பேசியதில்லை. அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதெல்லாம் அவள் அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் ஐந்து முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது.

“அம்மா எடுக்கல டீச்சர். மூணு தடவ பண்ணிட்டேன்.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நைட்டியின் மேல் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, பால் வாங்கப் போகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை. வாய்க்கால் ரோட்டில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரை ஓடியது. சம்பா வயலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வழி முழுக்க, நான் ஏன் அந்த அம்பை அழுத்தினேன் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். யாருக்கும் கேட்கவில்லை.

கதவு ஒப்புக்கொண்டபடி தாழ் போடாமல் இருந்தது. அவர் அடுப்படியில் விழுந்து கிடந்தார். போன் மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது, வலிப்பு அப்போதுதான் வந்திருக்க வேண்டும், வெட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அரிசி களைந்த பாத்திரம் கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர். அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை. பாத்திரத்தை நகர்த்தினேன், ரெயின்கோட்டைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தேன், ஒருக்களித்துத் திருப்பினேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மூச்சு சீராகியது. கண் திறந்தபோது என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இது உங்க வீடுதாம்மா, நான் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தழும்பு என் விரல்களில் தட்டுப்பட்டது.

போன் மறுபடி அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அம்மா நன்றாக இருக்கிறார், பேச ஆரம்பித்துவிட்டார், பயப்படாதே என்றேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டாள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன் என்றாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கலாம், பத்து நிமிஷம் இருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. லேபில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கல்லூரியின் பெயரை இரண்டாவது தடவை சொன்னாளே, அதே குரலில் சொன்னாள்.

“அடுத்த தடவ மணி பாத்துக்குங்க டீச்சர்.”